தும்பையும் கணவாய் யாளியும்

குமிழ்மலைக் காட்டில் ஒரு யானைக் கூட்டம் இருந்தது. மழைக்காலத்தில் அந்தக் காட்டில் மூங்கிலும் புல்லும் செழித்து நிற்கும். யானைகளுக்கு ஒரு குறையும் இராது. சித்திரை பிறந்தால் எல்லாம் மாறிவிடும். சுனைகள் சேறாகும். பிறகு சேறும் காய்ந்து வெடிக்கும். அப்போது யானைகளுக்கு ஒரே போக்கிடம், மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் வற்றாத ஆறுதான்.

ஆற்றுக்குப் போக ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய கணவாய். யானைகள் அதில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். உள்ளே நுழைந்த யானையால் உடம்பைத் திருப்ப முடியாது. தலையைக்கூட முழுதாகத் திருப்ப முடியாது.

அந்தக் கணவாயில் ஒரு யாளி இருந்தது.

யாளியைப் பற்றி யானைகளிடம் பழைய கதைகள் நிறைய உண்டு. அதற்குச் சிங்க முகம், யானையின் துதிக்கை, வளைந்த தந்தங்கள், பாம்பு போன்ற வால். அது எழுந்து நின்றால் மலை உச்சி மறையும் என்பார்கள். யானையின் மத்தகத்தை ஒரே அடியில் பிளக்கும் என்பார்கள். குட்டிகள் தூங்காமல் அடம் பிடித்தால், "யாளி காதில் விழப்போகிறது, பேசாமல் படு" என்று தாய்கள் அதட்டுவார்கள்.

எந்தக் காலத்திலோ யானைகளும் யாளியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு கோடையிலும் கூட்டம் கணவாயைக் கடக்கலாம். வரிசையில் கடைசியாக வரும் யானை மட்டும் யாளிக்கு. மற்றவர்கள் நிற்கக் கூடாது. பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழை வந்து திரும்பும்போது யாளி அவர்களைத் தொடாது.

இப்படித்தான் பல கோடைகள் கழிந்தன.

கூட்டத்தின் தலைவி மருதி. அவளுக்குத் தங்கைகள் இரண்டு பேர். ஒருத்தி கொன்றை. இன்னொருத்தி நொச்சி. கொன்றை நோயில் மெலிந்திருந்த ஒரு கோடையில் அவளை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். அவளுடைய மகள்தான் தும்பை. அப்போது தும்பை சின்னக் குட்டி. நொச்சிதான் அவளைத் தன் வயிற்றோடு அணைத்து வளர்த்தாள். இப்போது தும்பை இளம் யானை. இன்னும் முழு உயரம் வரவில்லை. ஆனால் எதையும் அருகில் போய்ப் பார்க்காமல் விடமாட்டாள்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. யார் கடைசி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மழைக்காலத்தில் நொச்சி ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தாள். அவளுடைய முன்னங்கால் எலும்பு முறிந்து கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து அவள் நொண்டித்தான் நடக்கிறாள்.

"சின்னம்மா, இந்த வருஷம் நீங்களா?" என்று தும்பை கேட்டாள்.

நொச்சி கொஞ்சம் புழுதியை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டாள். "ஆமாம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்."

"யாளி எப்படி இருக்கும்? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"பெரியம்மா?"

"அவளும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் வந்து சொன்னதில்லையே."

அன்று முழுவதும் தும்பையால் ஒரு கிளையைக்கூட நிம்மதியாக மெல்ல முடியவில்லை.

மறுநாள் உச்சிவெயில் நேரம். கூட்டம் மர நிழலில் அசந்திருந்தது. தும்பை சத்தமில்லாமல் நழுவிக் கணவாய்க்குப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் மறைந்தது. இரண்டு பக்கமும் பாறை அவள் விலாவை உரசியது. காற்றில் ஒரு கெட்ட வாடை. அவள் அடிமேல் அடி வைத்துப் போனாள். பாதி வழியில் சுவரின் அடியில் ஒரு குழிவு இருந்தது. அதில் எலும்புகள் குவிந்து கிடந்தன. பெரிய மண்டையோடுகள், தாடை எலும்புகள், விலா எலும்புகள்.

தும்பை துதிக்கையை நீட்டி ஒவ்வொன்றாகத் தடவினாள். ஒரு தாடை எலும்பின்மேல் அவள் துதிக்கை நின்றது. வாடை அநேகமாகப் போய்விட்டிருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. அது கொன்றையின் எலும்பு. அவளுடைய அம்மா.

அவள் பிளிறியிருப்பாள். அதற்குள் தலைக்கு மேலே யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். மேலே ஒரு பாறை விளிம்பில் யாளி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சிங்க முகம். கறை படிந்த தந்தங்கள். விரல் விரலாக நீண்ட நகங்கள். கதையில் சொன்னது எல்லாமே உண்மை. ஒன்றைத் தவிர. யாளி மலையளவு இல்லை. காட்டெருமைக் கடா ஒன்றின் அளவுதான் இருந்தது.

அதன் துதிக்கை விளிம்பிலிருந்து கீழே தொங்கியது. தூக்கத்திலும் அதன் நுனி எதையோ மோப்பம் பிடித்தது. மெல்ல அசைந்து தும்பையின் நெற்றிக்கு மிக அருகில் வந்தது.

ஓட வேண்டும். ஆனால் திரும்ப முடியாது. முன்னால் போனால் யாளியின் துதிக்கைக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். அப்போதுதான் அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். பின்னங்காலைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத தரையைத் தடவிப் பார்த்து, பின்னால் வைத்தாள். பிறகு அடுத்த காலை வைத்தாள். ஒரு கல் புரண்டு உருண்டது. யாளியின் காது துடித்தது. தும்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாளி ஒரு முறை உறுமிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டது.

அவள் நுழைந்த வழி முழுவதும் பின்னாலேயே நடந்து வெளியே வந்தாள். முதுகில் வெயில் பட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

நேராக மருதியிடம் போனாள்.

"பெரியம்மா, நான் யாளியைப் பார்த்தேன்."

மருதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பாறை உரசிய தடம் அவள் விலாவில் சிவப்பாக இருந்தது.

"அது ஒரு எருமை அளவுதான் இருக்கிறது. நகம் இருக்கிறது, தந்தம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஆனால் அது ஒன்றுதான். நாம் இத்தனை பேர் இருக்கிறோம். ஒன்று சேர்ந்தால் அதை எதிர்க்கலாம்."

"பேசாமல் இரு."

"பொய் சொல்லவில்லை பெரியம்மா. வேண்டுமானால் நீங்களே வந்து பாருங்கள்."

மருதியின் காதுகள் அசையாமல் நின்றன. "அது எருமை அளவுதான் என்றால், நான் கொன்றையை எதற்காக விட்டுவிட்டு வந்தேன்? அதற்கு ஒரு பதில் சொல். பிறகு மற்றதைப் பேசு."

பதிலுக்குக் காத்திராமல் மருதி திரும்பி நடந்தாள். அவள் நடை கொஞ்சம் தள்ளாடியது.

அன்று சாயங்காலம் கணவாய்ப் பக்கமிருந்து ஓர் உடும்பு வந்தது. யாளி தின்று போட்ட மிச்சத்தில் வயிறு வளர்க்கும் உடும்பு அது. ஒவ்வொரு கோடையிலும் யாளியின் செய்தியை அதுதான் கொண்டுவரும். வெயிலுக்கு இதமாக ஒரு கல்லின் நிழலில் படுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தது.

"யாளி சொல்லி அனுப்பியது. இந்த வருஷம் வறட்சி அதிகம். மான்களும் பன்றிகளும் வேறு காட்டுக்குப் போய்விட்டன. அதனால் இந்த முறை ஒன்று போதாது. இரண்டு வேண்டும்."

யானைகள் திகைத்து நின்றன.

"ஒப்பந்தம் ஒன்றுக்குத்தான்" என்றாள் மருதி.

"ஒப்பந்தத்தை மாற்றியாயிற்று. ஒன்று அந்த நொண்டி. இன்னொன்று ஒரு குட்டி. இளசாக இருக்க வேண்டுமாம்."

கூட்டத்தில் அப்போது ஒரே ஒரு குட்டிதான் இருந்தது. அதன் பெயர் மொட்டு. பிறந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் காணாத குட்டி. அதன் தாய் வாகை சட்டென்று அதைத் தன் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள். மற்ற யானைகள் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதிலிருந்தே வாகைக்குப் புரிந்துவிட்டது.

"மருதியக்கா," என்றாள் அவள். "ஏதாவது சொல்லுங்கள்."

சுனையில் தண்ணீர் இல்லை. இரண்டு நாளாக யாரும் குடிக்கவில்லை. இன்னும் தாமதித்தால் முதலில் சாகப்போவதும் அந்தக் குட்டிதான். மருதிக்கு எந்தப் பக்கமும் வழி தெரியவில்லை.

"குட்டிக்குப் பதிலாக நான் வருகிறேன்" என்றாள் தும்பை.

நொச்சி அதிர்ந்து போனாள். "உனக்கென்ன பைத்தியமா? வாயை மூடு."

"நானும் இளசுதான். யாளி ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுச் சொல்" என்று தும்பை உடும்பிடம் சொன்னாள்.

உடும்பு நாக்கை நீட்டி அவளை அளந்தது. "குட்டியைவிட உன்னிடம் சதை அதிகம். கேட்க வேண்டியதே இல்லை. நாளைக் காலை வாருங்கள்." சொல்லிவிட்டு அது சருகுக்குள் மறைந்தது.

உடும்பு போன பிறகு தும்பை மருதியின் அருகில் வந்தாள்.

"பெரியம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் கூப்பிட்டால் நின்றுவிடுங்கள். நின்றால் மட்டும் போதாது. பின்னால் நடந்து வாருங்கள்."

"யானை பின்னால் நடக்காது தும்பை."

"நான் நடந்தேன். கணவாயில் பாதி வழியிலிருந்து வெளியே வரைக்கும் நடந்தேன்."

மருதி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. துதிக்கையால் தும்பையின் காதை ஒரு முறை தொட்டாள். பிறகு போய்விட்டாள்.

காலையில் கூட்டம் கணவாய்க்குள் நுழைந்தது. முன்னால் மருதி. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அப்புறம் மொட்டு. குட்டியை முன்னால் விட்டு வாகை. வாகைக்குப் பின்னால் தும்பை. எல்லோருக்கும் கடைசியாக நொச்சி.

"நான் உனக்கு முன்னால் வருகிறேன்" என்று நொச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தும்பை விடவில்லை.

"உங்கள் காலால் முட்டி நிற்க முடியாது சின்னம்மா. சாய்ந்து நிற்க முடியும். என் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள்."

பாறையில் தோல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் எங்கோ ஆற்றின் வாடை வந்தது. தாகத்தில் இருந்த யானைகளுக்குக் கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. எலும்புக் குழிவைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தும்பை மூடவில்லை.

மேலே பாறை விளிம்பில் நகம் கீறும் சத்தம் கேட்டது. வாகை தாண்டியதும் ஏதோ கனமாகத் தரையில் குதித்தது. நிலம் அதிர்ந்தது. வாகைக்கும் தும்பைக்கும் நடுவே, பாதையை அடைத்துக்கொண்டு, யாளி நின்றது.

அது உறுமியது. அந்த உறுமல் இரண்டு சுவர்களிலும் மோதி மோதிப் பத்து யாளிகள் உறுமுவது போல எழுந்தது. முன்னால் போன யானைகள் இன்னும் வேகமாக நடந்தன.

யாளி தும்பையை மோந்து பார்த்தது. "உன் வாடை எனக்குப் பழக்கமாக இருக்கிறதே. உன் அம்மா இந்த வழியாக வந்தாளா?"

"வந்தாள்."

"நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதிகம் போராடவில்லை. போராடி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது." யாளி ஓர் அடி முன்னால் வைத்தது. "உனக்குப் பயமாக இல்லையா?"

"பயமாகத்தான் இருக்கிறது."

"அப்படியானால் கத்து. எல்லோரும் கத்துவார்கள். யாரும் வரமாட்டார்கள். முன்னால் போகிறவர்களுக்குத் திரும்ப வழியில்லை. அதனால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்."

தும்பை துதிக்கையைத் தூக்கிப் பிளிறினாள். "பெரியம்மா!"

யாளி பாய்ந்தது. தும்பை தலையைத் தாழ்த்தி நெற்றியால் தாங்கினாள். அதன் தந்தம் அவள் இடது காதைக் கிழித்தது. நகங்கள் தோளில் இறங்கின. அவள் பின்னால் சரிந்தாள். பின்னால் நொச்சியின் நெற்றி அவளைத் தாங்கியது.

"நான் இருக்கிறேன். சாயாதே" என்றாள் நொச்சி. ஊனமான காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று காலில் முழு எடையையும் போட்டுச் சாய்ந்தாள்.

யாளி மறுபடியும் பாய்வதற்காகப் பின்வாங்கியது. தும்பை தன் துதிக்கையை நீட்டி யாளியின் துதிக்கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாளி உதறியது. கடித்தது. அவள் விடவில்லை. ரத்தம் கண்ணில் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. காதில் மட்டும் ஒன்று கேட்டது. முன்னால் போகும் காலடிகள். அவை தூரமாகிக்கொண்டே போயின.

"கேட்டாயா?" என்றது யாளி. "போகிறார்கள்."

தும்பை மறுபடியும் பிளிறினாள். இந்த முறை குரல் உடைந்து வந்தது.

வாகை நின்றுவிட்டாள்.

அவளுக்கு முன்னால் மொட்டு இருந்தது. ஆறு பக்கத்தில் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் குட்டி தண்ணீர் குடிக்கும். ஆனால் பின்னால் கத்துகிற பெண் அந்தக் குட்டியின் இடத்தில்தான் நிற்கிறாள். வாகைக்கு அடுத்த அடி எடுத்து வைக்கக் கால் வரவில்லை.

"மருதியக்கா!" என்று அவள் முன்னால் பார்த்துக் கத்தினாள். "நான் திரும்பப் போகிறேன். நீங்கள் என்ன செய்வீர்களோ செய்யுங்கள்."

அவள் பின்னங்காலைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். தடுமாறினாள். விலா பாறையில் இடித்தது. மறுபடியும் வைத்தாள். குட்டி ஒன்றும் புரியாமல் அவள் வயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டு கூடவே வந்தது.

வரிசையின் முதலில் மருதி கணவாயின் வாசலை எட்டியிருந்தாள். அவள் எதிரே ஆறு வெயிலில் மின்னியது. ஒரே அடி. அதற்குப் பிறகு யாளி அவளை ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஓர் அடியை அவள் முன்பு வைத்திருக்கிறாள். இப்போது அவள் நின்றாள்.

"யாரும் வெளியே போகக் கூடாது" என்றாள். அவள் குரல் வரிசை முழுவதும் கேட்டது. "பின்னால் வையுங்கள். எல்லோரும். மெதுவாக. குட்டியை மிதித்துவிடாதீர்கள். வையுங்கள்."

யானைகள் பின்னால் நடந்தன. ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன. ஒருத்தி விழப்போனாள், அடுத்தவள் தாங்கினாள். எவருக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் நடந்தன.

யாளிக்கு முதலில் சத்தம் கேட்டது. பிறகு அது திரும்பிப் பார்த்தது. வாகையின் பின்பக்கம் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு தன்னை நோக்கி வருவதைக் கண்டது. அத்தனை கோடைகளில் அந்தக் கணவாயில் எந்த யானையும் தன்னை நோக்கி வந்து அது பார்த்ததில்லை.

அது சுவரில் தாவ முயன்றது. தும்பை பிடித்த பிடி அதைக் கீழே இழுத்தது. வாகையின் காலடியில் நுழைந்து ஓடப் பார்த்தது. வாகை பின்னங்காலால் உதைத்தாள். உதை பட்ட வேகத்தில் யாளி தும்பையின் நெற்றியில் மோதியது. அடுத்த கணம் வாகையின் உடம்பு அதன் முதுகில் வந்து முட்டியது. அவளுக்குப் பின்பலமாக ஒரு கூட்டமே சாய்ந்து நின்றது.

யாளியின் நெஞ்சு நசுங்கியது. உறுமல் வரவில்லை. மூச்சு மட்டும்தான் வந்தது.

"விடு" என்றது அது. "விட்டுவிடு. இனி இரண்டு கேட்க மாட்டேன். ஒன்றுகூடக் கேட்க மாட்டேன். வேறு மலைக்குப் போய்விடுகிறேன்."

தும்பை அதன் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் நிறக் கண். அதில் இப்போது பயம் இருந்தது. ஒரு கணம் அவளுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. வேறு மலை என்றால் வேறு ஒரு கூட்டம். அங்கேயும் நடக்க முடியாத ஒருத்தி இருப்பாள். அவளையும் கடைசியில் நிறுத்துவார்கள்.

வரிசையின் முன்னாலிருந்து மருதியின் குரல் வந்தது. "தும்பை, என்ன ஆயிற்று? போதுமா?"

தும்பை துதிக்கையின் பிடியைத் தளர்த்தவில்லை.

"இன்னும் ஓர் அடி வாருங்கள் பெரியம்மா" என்றாள்.

மருதி ஓர் அடி பின்னால் வைத்தாள். அந்த அடி ஒவ்வோர் உடம்பாகக் கடந்து வந்தது. யாளியின் எலும்புகள் முறியும் சத்தம் கணவாயில் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. தும்பையும் நொச்சியும் கடைசியாக வெளியே வந்தார்கள். தும்பை யாளியின் உடம்பை முட்டித் தள்ளிக்கொண்டே வந்து, எல்லோருக்கும் தெரியும்படி வெட்டவெளியில் போட்டாள்.

யானைகள் சுற்றி நின்று பார்த்தன. மொட்டு தாயின் காலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது.

"இதுதான் யாளியா அம்மா? இவ்வளவுதானா?"

வாகை குட்டியைத் தண்ணீருக்கு அழைத்துப் போனாள்.

உடும்பு ஒரு பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது. "இனிமேல் எனக்கு யார் சாப்பாடு போடுவது?" என்று குறைப்பட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அது யாளியின் பக்கத்தில் வந்து ஒரு முறை மோந்து பார்த்தது. பிறகு கரையான் புற்றைத் தேடிப் போய்விட்டது.

எல்லோரும் ஆற்றில் இறங்கினார்கள். மருதி மட்டும் இறங்கவில்லை. யாளியின் பக்கத்திலேயே நின்றாள். அதன் தலையையும் காலையும் முதுகையும் துதிக்கையால் தடவினாள். அதன் நீளத்தைத் தன் உடம்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அது அவளுடைய பாதிகூட இல்லை.

தும்பை அருகில் வந்தாள். கிழிந்த காதிலிருந்து இன்னும் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"கொன்றையும் கூப்பிட்டாள்" என்றாள் மருதி. "என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. நான் நடையைக் கூட்டினேன்."

பரவாயில்லை என்று சொல்லத் தும்பைக்கு வாய் வரவில்லை. அது அப்படி விட்டுவிடக்கூடிய காரியம் அல்ல என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"சின்னம்மாவின் கால் வீங்கிவிட்டது" என்றாள் கடைசியில். "கரை வழுக்குகிறது. தனியாக இறங்க அவரால் முடியாது. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். மறுபக்கம் ஆள் வேண்டும்."

மருதி தலையை நிமிர்த்தினாள். கரையில் நொச்சி மூன்று காலில் நின்றுகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதி போய் அவளுக்கு மறுபக்கம் நின்று தன் தோளைக் கொடுத்தாள். நொச்சி ஒன்றும் கேட்காமல் அதில் சாய்ந்தாள். மூவரும் சேர்ந்து மெதுவாக, சறுக்காமல், தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

நாம் தப்பினால் போதும் என்று ஒருவரைக் கைவிடும் கூட்டம் ஒவ்வொருவராக அழிந்துபோகும். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வரும் கூட்டத்தை எந்த யாளியாலும் வெல்ல முடியாது.